இரண்டு அங்குலம் இறங்கிய சிவப்புக் கார்

அத்தியாயம் 7

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அந்த சிவப்புக் கார் நின்ற தோரணையைப் பார்த்தால், அதுதான் புகார் கொடுக்க வந்திருக்கிறது என்று தோன்றும். இரண்டே கதவு, இரண்டே சீட், தரையோடு பதுங்கிய உடம்பு. இடது ஹெட்லைட் மட்டும் உடைந்திருந்தது. தாம்பரம் ஜி.எஸ்.டி. ரோட்டில் போனவர்களில் பாதிப் பேர் பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

சிட்டிபாபுவுக்கு மட்டும் அதைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. அவனுடைய அக்கா சரசுவின் புருஷன் பக்தவச்சலத்தை லாக்கப்பில் தள்ளியது இந்தக் கார்தான்.

விஷயம் இதுதான். காரின் சொந்தக்காரன் சம்பத், இரும்புலியூரில் வயலை மனை போட்டு விற்ற குடும்பத்துப் பிள்ளை. சோழவரம் கார் ரேஸில் ஓட வேண்டும் என்று ஆசை. சிங்கப்பூரிலிருந்து நான்கு குட்டை ஸ்பிரிங்குகளை வரவழைத்து, வண்டியை இரண்டு அங்குலம் இறக்கித் தரச் சொல்லி, புதன்கிழமை பக்தவச்சலத்தின் மெக்கானிக் ஷெட்டில் விட்டான். சனிக்கிழமை சாயந்திரம் ஐந்தரை மணிக்குக் குன்றத்தூர் ரோட்டில் அதே கார், சைக்கிளில் வந்த லோகநாதன் என்ற நெசவுக்காரரைத் தூக்கி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் நிறத்தைத்தான் பார்த்தார்கள், ஓட்டியவனைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி சம்பத் வீட்டு வாசலில் நின்றது.

"என்னைக் கேட்காமல் எடுத்து ஓட்டியது பக்தவச்சலம்" என்றான் சம்பத். "சனிக்கிழமை மூன்று மணிக்கே சம்பத் வந்து எடுத்துப் போய்விட்டார்" என்றார் பக்தவச்சலம். ரசீதும் இல்லை, சாட்சியும் இல்லை.

இன்று திங்கட்கிழமை. இன்ஸ்பெக்டர் ஜீவரத்தினம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எலியேசர் சார், நீங்க பழைய ஆள்னு மரியாதைக்குச் சொல்றேன். அஞ்சு மணிக்கு இவனை மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தறேன். விபத்து மட்டும்னா ஜாமீன்ல வந்துடுவான். வண்டித் திருட்டும் சேர்ந்திருக்கு. நேரா செங்கல்பட்டு ஜெயில்தான். அதுக்குள்ள ஏதாவது கொண்டு வந்தா பார்க்கலாம்."

மணி ஒன்று.

எலியேசர் இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். நசுங்கிய வண்டிகளோடு பேசிப் பழகியவர், அதனால் மனிதர்களிடம் பேச்சு கொஞ்சம் கம்மி. வேலையை விட்டதும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். அதில் பேசுகிற வேலைக்காகவே சிட்டிபாபுவைச் சேர்த்துக்கொண்டாரோ என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு.

அவர் கைக்குட்டையைத் தரையில் விரித்து, காரின் முன்னால் மண்டியிட்டார்.

"சிட்டி, இந்தக் கயிற்றைப் பார்."

பம்பருக்குக் கீழே திருஷ்டிக் கயிறு தொங்கியது. நீல ஒயரில் ஏழு பச்சைமிளகாய், அடியில் ஒரு எலுமிச்சம்பழம்.

"பாத்துட்டேன் சார். ஒரு கை உப்பு இருந்தா ஊறுகா போட்டுடலாம்."

"பழத்தோட அடியைப் பார்."

சிட்டிபாபு குனிந்தான். பழத்தின் அடிப்பாகம் தேய்ந்து தட்டையாகி, விதை வெளியே தெரிந்தது.

"கட்டினவங்க வழக்கமான நீளத்துலதான் கட்டியிருக்காங்க. மத்த வண்டின்னா தரையில படாது. இது ரெண்டு இஞ்ச் இறங்கின வண்டி, அதனால ரோட்டுல உரசியிருக்கு. ஆக, ஸ்பிரிங் மாத்தினதுக்கு அப்புறம் இந்தக் கயிற்றோட வண்டி ஓடியிருக்கு. மிளகாய் இன்னும் பச்சையா இருக்கு. புதன்கிழமைக்கு முந்திக் கட்டினதுன்னா இத்தனை நேரம் சுருங்கியிருக்கும். சனிக்கிழமை என்ன விசேஷம்?"

"அமாவாச சார்!"

"அப்போ அன்னிக்குத்தான் கட்டியிருக்காங்க. யார் கட்டினாங்களோ அவங்க கையிலதான் அன்னிக்கு வண்டி இருந்திருக்கு."

சிட்டிபாபுவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்தவச்சலம் மாமா கடவுளையே தள்ளி வைத்தவர். ஷெட்டில் ஒரு சாமி படம் கிடையாது. வருகிற வண்டியில் திருஷ்டிக் கயிறு இருந்தால் முதல் வேலையாக அறுத்துப் போடுவார். 'பிரேக்கைப் புடிச்சா வண்டி நிக்கும், எலுமிச்சம்பழத்தப் புடிச்சா நிக்குமா?' என்று கேட்டு வாடிக்கைக்காரர்களின் வாயை அடைப்பார். அவராவது, கயிறு கட்டுவதாவது!

"அப்ப இது சம்பத் வூட்ல கட்டினதுதான் சார். மாட்டிகினான்!"

"அவசரப்படாதே" என்று எழுந்த எலியேசர் லாக்கப் பக்கம் போனார்.

கம்பிக்கு எதிரே இருந்த பெஞ்சில் சரசு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் காலையிலேயே வந்தவள். கொண்டுவந்த டிபன் கேரியரை அவளும் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. தம்பியைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்து, கம்பிக்கு உள்ளே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"பக்தா, புது ஸ்பிரிங் போட்டா ஓட்டிப் பார்க்கணும் இல்லையா?" என்று கேட்டார் எலியேசர்.

"கண்டிப்பா சார். முப்பது கிலோமீட்டராவது ஓட்னாதான் ஸ்பிரிங் படியும். நான் ஒரு பக்கம், பக்கத்து சீட்ல அம்பது கிலோ மணல் மூட்ட. ரெண்டு பக்கமும் வெயிட்டு இருந்தாத்தான் வண்டி கோணாம எறங்கும். மூட்ட இல்லாம நான் எந்த வண்டியும் எடுத்ததில்ல, ஊருக்கே தெரியும்." பக்தவச்சலம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்த வண்டிய நான் எடுக்கல சார். மூட்ட ஷெட்லயே கீது. போயி பாருங்க."

பார்த்தார்கள். இரும்புலியூர் ஷெட்டின் மூலையில் மூட்டை கிடந்தது. அதன் மேல் ஒரு சாம்பல் பூனை மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. எலியேசர் கை நீட்டியதும் தாய்ப்பூனை சீறியது.

"பொறந்து அஞ்சாறு நாள் இருக்கும்" என்றார் அவர். "சனிக்கிழமை இந்த மூட்டை நகரவே இல்லை."

"நாலு சாட்சி சார்! என்ன, மூணு பேருக்கு இன்னும் கண்ணு தெரியாது. கோர்ட்ல அது ஒண்ணும் புதுசில்ல."

எலியேசர் அபூர்வமாகச் சிரித்தார். நேற்றிலிருந்து சோறு இறங்காத சிட்டிபாபுவுக்கு, அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பசித்தது. மாமா ஓட்டவில்லை. இனிமேல் சம்பத்தின் சட்டையைப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

சம்பத் வீட்டு வாசலில் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. கூலிங்கிளாஸைக் கழற்றாமலேயே பேசினான்.

"திருஷ்டிக் கயிறா? லுக் சார், எங்க வீட்ல அம்மா பூசணிக்காய்தான் சுத்துவாங்க. வண்டி முன்னாடி எலுமிச்சம்பழம் தொங்கவிட்டா நான் எப்படி ரேஸ் ஓட்டறது? நான் வண்டியை விடும்போது அந்தக் கயிறே கிடையாது."

"சனிக்கிழமை சாயந்திரம் எங்கே இருந்தீங்க?"

"காட்டாங்குளத்தூர்ல. காலேஜ் ஃப்ரெண்ட்ஸோட கிரிக்கெட். ரெண்டு டீமும் பார்த்திருக்கு."

"இருவத்திரண்டு பேரா?" என்றான் சிட்டிபாபு. "அம்பயர் பேரையும் சேத்துக் குடுத்துடுங்க சார், யாராவது ஒருத்தராவது உண்மைய சொல்லுவாங்க."

சம்பத் கூலிங்கிளாஸைக் கழற்றினான். கண்கள் சிவந்திருந்தன.

"பக்தாண்ணன்கிட்ட எனக்கு என்ன பகை? சென்னையில அந்த ஸ்பிரிங்கைத் தொடறதுக்கு அவரை விட்டா ஆள் இல்லைன்னு நம்பிக் குடுத்தேன். போலீஸ் வந்து கேட்டப்போ வண்டி ஷெட்டுல இருந்துதுன்னு மட்டும்தான் சொன்னேன். ஓட்டினது நான்தான்னு அவர் சொன்னார் பாருங்க, அப்புறம்தான் திருட்டுன்னு எழுதிக் குடுத்தேன். நான் ஏன் சார் ஜெயிலுக்குப் போகணும்?"

ரோட்டுக்கு வந்ததும் சிட்டிபாபு சொன்னான்: "நல்லா நடிக்கிறான் சார்."

எலியேசர் ஸ்கூட்டரை உதைத்தார்.

"கயிற்றைக் கட்டினது யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்றார் அவர், இரண்டு தெரு தாண்டிய பிறகு. "எல்லாரும் நூல்ல கோப்பாங்க. இது கூடை பின்னற ஒயர்."

"அது நம்ம பேபி சார். ரயில்வே கேட்டாண்ட ஒயர் கூட பின்னிகினு இருக்கும். மிஞ்சின ஒயர்ல அமாவாசைக்கு அமாவாச கயிறு கோத்து கட கடையா கட்டும். அத்தக் கேட்டா சம்பத் வண்டவாளம் வெளிய வந்துடும். வுடுங்க சார் வண்டிய!"

பேபி கேட்டுக்குப் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒயர் சுருள்கள் நடுவில் நாற்பது வயசு உடம்பு, ஊர் முழுக்கக் கேட்கிற குரல்.

"இன்னா சிட்டி, துப்பறியறவன் தொர மாதிரி பின்னால ஒக்காந்துகினு வர்றே?"

"பேபிக்கா, ஒரு செவப்புக் காருக்குக் கயிறு கட்னியா? அமாவாச அன்னிக்கு?"

"ஆமா, கட்னேன். தரையத் தொட்டுகினு இருந்துச்சே வண்டி, அதான? கையி உள்ள போவல, மல்லாக்கப் படுத்து கட்னேன்."

சிட்டிபாபு எலியேசரைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். "சம்பத் வூட்லதான?"

"சம்பத் வூட்ல எனக்கு இன்னா வேல? உங்க மாமா ஷெட்டாண்ட."

அப்போது ஒரு ரயில் வந்தது. அது முழுதாகப் போய் முடிந்தது. போன பிறகும் சிட்டிபாபு தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எலியேசர்தான் கேட்டார்:

"எத்தனை மணி இருக்கும்மா?"

"நாலு இருக்கும் சார். நான் பாட்டுக்குப் போய்கினு இருந்தேன். அண்ணன் எப்பவும் என்னப் பாத்தா கிண்டல் பண்ணும். அன்னிக்கு அதுவா கூப்ட்டுச்சு. 'பேபி, ஒண்ணு கட்டு. இன்னிக்கு வூட்டுக்காரி ஏர்றா'ன்னுச்சு. எனக்கே ஆச்சரியம். சரசக்கா புதுப் பொடவ கட்டிகினு, பூவெல்லாம் வச்சிகினு இருந்துச்சு. குன்றத்தூர் கோயிலுக்குப் போறோம்னு சொல்லிச்சு. வண்டி கெளம்பறப்போ எனக்குக் கையக் காட்டிச்சு சார், சின்னப் புள்ள மாதிரி." பேபி சிரித்தாள். பிறகு இரண்டு பேர் முகத்தையும் பார்த்து நிறுத்தினாள். "இன்னாடா? நான் ஏதாவது சொல்லக் கூடாதத சொல்லிட்டனா?"

சிட்டிபாபு ஸ்கூட்டருக்கு நடந்தான். மாமா மூட்டையை ஏற்றாததற்குக் காரணம் இப்போது புரிந்தது. மூட்டையின் இடத்தில் அக்கா உட்கார்ந்திருக்கிறாள். சம்பத் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அவன் துள்ளிக் குதித்துப் பிடித்துக்கொண்டு வந்த துப்பு, நேராகப் போய் அவன் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

"மூட்டையோட ஓட்டியிருந்தா அது வேலை" என்று மெதுவாகச் சொன்னார் எலியேசர். "ஸ்பிரிங் படிய ஓட்டினேன்னு சொல்லித் திருட்டுக் கேஸை உடைச்சிருக்கலாம். பொண்டாட்டியை ஏத்திக்கிட்டுக் கோயிலுக்குப் போனா..."

"சொல்லாதீங்க சார்."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக சிட்டிபாபு ஒருவரைப் பேச வேண்டாம் என்று கேட்டான்.

நாலரை மணிக்கு ஸ்டேஷனுக்குத் திரும்பியபோது சரசு அதே பெஞ்சில்தான் இருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்ததும் தணிந்த குரலில் தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"மூட்ட மேல பூன குட்டி போட்டுட்ச்சுடா. அத்தக் கெளப்ப அவருக்கு மனசு வரல. 'நீயும் அம்பது கிலோ இருப்ப, வந்து ஒக்காரு, ஸ்பிரிங் படிஞ்ச மாதிரியும் ஆச்சு, உங்க முருகனப் பாத்த மாதிரியும் ஆச்சு'ன்னாரு. கல்யாணம் ஆயி ஒம்போது வருசம். ஊர்ல கீற வண்டியெல்லாம் அவரு கையிலதான். ஒண்ணுல கூட நான் ஏறினதில்ல."

"லோகநாதன்..."

"குறுக்க ஒரு மாடு வந்துச்சு. வண்டிய ஒடிச்சுத் திருப்பினாரு. அந்த ஆளு தெரியல. சத்தம் கேட்டுச்சு." அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அவரு பிரேக்குல கால வச்சிட்டாரு சிட்டி. நிக்கத்தான் பாத்தாரு. நான்தான் கையப் புடிச்சு இழுத்தேன். அடுத்தவன் வண்டி, கொன்னுடுவாங்க, நிக்காத, நிக்காதன்னு கத்தினேன். நான் சொன்னதாலதான் அவரு நிக்கல. ராத்திரி வண்டிய சம்பத் வூட்டு வாசல்ல வுட்டுட்டு வந்தாரு. நான் கூட வந்தத வெளிய சொன்னா புள்ளைங்க மேல சத்தியம்னு என் வாயக் கட்டிட்டாரு."

சிட்டிபாபு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். எலியேசரைப் பார்த்தான். எத்தனையோ வண்டிகளைத் திறந்து பார்த்துக் காரணம் சொன்னவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே டெலிபோன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்தார், கேட்டார், வைத்தார். வெளியே வந்து தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"லோகநாதன் போயிட்டார். மூணு மணிக்கு."

சரசு எழுந்தாள். சிட்டிபாபு பிடித்திருந்த கையை உதறிவிட்டு நேராக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"நானும் அந்த வண்டியில இருந்தேன் சார். அவரு வேலைக்குத்தான் ஓட்னாரு. அந்த ஆளு வுழுந்ததும் நிக்கப் பாத்தாரு. நிக்காதன்னு சொன்னது நானு. என்னயும் எழுதிக்குங்க."

"பொய்!" லாக்கப் கம்பி அதிர்ந்தது. பக்தவச்சலம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பொய் சொல்றா சார்! நான்தான் ஓட்னேன், ஒத்துக்குறேன். ஆசப்பட்டு எடுத்தேன். சம்பத் சார் மேல சொன்னதெல்லாம் பொய்யி. தனியா போனேன், தனியா அடிச்சேன், தனியா ஓடியாந்தேன். இவ வூட்ல சோறாக்கிகினு இருந்தா சார்!"

"என்னய்யா இது? காலையிலேர்ந்து ஓட்டவே இல்லைன்னே. இப்போ ஆளுக்கு ஆள் நான் நான்னு வர்றீங்க." இன்ஸ்பெக்டர் அலுத்துப்போய் மேஜைமேல் உட்கார்ந்தார். "புருஷனைக் காப்பாத்தப் பொண்டாட்டி சொல்றதெல்லாம் நானும் நிறையக் கேட்டிருக்கேன். எலியேசர் சார், மத்தியானம் பூரா சுத்திட்டு வந்தீங்களே. இந்த அம்மா வண்டியில இருந்தாங்களா, இல்லையா? யாராவது பார்த்தவங்க உண்டா?"

எலியேசர் ஜன்னலிலிருந்து திரும்பினார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சிட்டிபாபுவைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"விசாரிச்சது சிட்டிதான். அவன் சொல்லட்டும்."

எல்லோரும் சிட்டிபாபுவைப் பார்த்தார்கள். அக்கா ஆவலோடு பார்த்தாள். அவளுக்கு இருந்த ஒரே ஆதரவு அவன்தான். கம்பிக்குப் பின்னால் மாமா கைகளைச் சேர்த்தார். எந்தச் சாமிக்கும் கூப்பாத கைகளை அவனைப் பார்த்துக் கூப்பி, தலையை மட்டும் மெல்ல இடவலமாக ஆட்டினார். சிட்டிபாபுவுக்குப் பக்கத்து வீட்டில் விட்ட இரண்டு பிள்ளைகளின் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

"அக்கா வூட்லதான் சார் இருந்துச்சு" என்றான். "சனிக்கெழம சாயந்திரம் நான் போனேன். டீ போட்டுக் குடுத்துச்சு. புள்ளைங்க கூட இருந்துச்சு."

"வண்டியில பார்த்தவங்க?"

"யாரும் இல்ல சார்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். பக்தவச்சலம் கம்பியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். சரசு தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தான், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்து, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"இதுக்காடா துப்பறியற வேலைக்குப் போன?"